எச்சத்தில் நிற்கும் உரிமை

1895-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள் ஜொகூர் சுல்தான் அபு பக்கார் தம் நாட்டுக்கு எழுத்து வடிவில் ஓர் அரசமைப்புச் சட்டத்தை வழங்கினார். மலாய் மாநிலங்களுள் எழுதப்பட்ட அரசமைப்பை முதலில் பெற்றது ஜொகூரே. அச்சட்டத்தின் 15-ஆவது விதி, நாட்டையோ அதன் ஒரு பகுதியையோ எந்த ஐரோப்பிய வல்லரசுக்கும், வேறெந்த நாட்டுக்கும் ஒப்படைக்கவும், ஒப்படைப்பதாக உடன்படிக்கை செய்யவும் அரசருக்கு அதிகாரம் இல்லை என்று வரையறுத்தது. அரசர் வழங்கிய சட்டமே அரசரின் கையைக் கட்டிற்று. அதே ஆண்டு ஜூன் திங்களில் சுல்தான் இலண்டனில் காலமானார்.

அந்த விதி அரை நூற்றாண்டு ஏட்டிலேயே உறங்கிக் கிடந்தது. 1914-இல் ஆங்கிலேயப் பொது ஆலோசகர் ஜொகூருக்கு வந்தபோதும் அது விழிக்கவில்லை. 1945 அக்டோபர் 20-ஆம் நாள் சர் ஹெரால்டு மக்மைக்கேல் கொணர்ந்த ஒப்பந்தத்தில் சுல்தான் இப்ராகிம் கையொப்பமிட்டார். மலாயன் யூனியன் என்னும் புதிய அமைப்புக்கு வழி வகுத்த ஒப்பந்தம் அது. 1946-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஜொகூர் மலாய்க்காரர்கள் கிளர்ந்தெழுந்தபோது அவர்கள் கையில் எடுத்த கருவி பழைய 15-ஆவது விதியே. நாட்டை ஒப்படைக்க அரசருக்கு அதிகாரம் இல்லை என்று நாட்டின் சட்டமே சொல்கிறதே என்று அவர்கள் கேட்டனர். அவ்வாண்டு மே 11-இல் ஜொகூர் பாருவில் அம்னோ கட்சி தோன்றியது. 1948 பிப்ரவரி 1-இல் மலாயன் யூனியன் மறைந்து மலாயாக் கூட்டரசு பிறந்தது. இம்மாற்றத்துக்குக் காரணங்கள் பல உண்டு. எனினும் எதிர்ப்பாளர்கள் காலூன்றி நிற்க இடம் தந்தது ஒரு சட்டத்தின் ஒரே ஓர் உறுப்பு என்பது மறக்கத்தக்கதன்று.

சட்டத்தின் ஓர் உறுப்பு என்றால் என்ன? அது வாக்கியத்தின் உறுப்போடும், அளவை நூலின் உறுப்போடும் எவ்வகையில் உறவுடையது? இவ்வினாக்கள் வழக்கறிஞருக்கு மட்டும் உரியவை அல்ல. இந்நாட்டுத் தமிழ்ப்பள்ளியின் வரலாறே சில சட்ட உறுப்புகளின் வரலாறாக இருப்பதால், தமிழாசிரியருக்கும் அவை உரியவையே.

சொல்லும் அதன் பொருளும்

ஜொகூர் அரசமைப்புக்கு மலாய் மொழியில் உண்டாங் உண்டாங் துபோ என்று பெயர். ‘துபோ’ என்பது உடம்பு. சட்டத்தை உடம்பாகக் கண்டனர் மலாய் மக்கள். அதன் விதியைப் ‘பாசால்’ என்றனர். அது பிரிப்பு என்னும் பொருளுடைய அரபுச் சொல்லிலிருந்து வந்தது. நிபந்தனையை அவர்கள் ‘ஷாராட்’ என்பர். தமிழ்ச் செய்தித்தாள்கள் நெடுங்காலமாக எழுதிவந்த ‘ஷரத்து’ என்னும் சொல்லும் அதே அரபு வேரிலிருந்து உருதுவின் வழியே தமிழுக்கு வந்ததாகும். ஒரே சொல் இரு கடல்வழிகளில் பயணம் செய்து இரு மொழிகளில் குடியேறியது. ஆங்கிலத்தில் வழங்கும் ‘கிளாஸ்’ என்பதோ, முடித்தல் அல்லது அடைத்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லின் வழிவந்தது. தமிழில் உறுப்பு என்கிறோம். உடம்பினின்று பிரித்தால் கை கையாக இராது. சட்டத்தின் விதியும் அப்படியே. முழுமையிலிருந்து பிரித்துப் படித்தால் அது வேறு பொருள் தரும், அல்லது பொருளே தராது.

முற்றும் எச்சமும்

தோட்டத்தில் எல்லாரும் அறிந்த வாக்கியம் ஒன்றை எடுத்துக்கொள்வோம்: “மழை பெய்தால் மரம் வெட்டு இல்லை.” இதில் ‘மரம் வெட்டு இல்லை’ என்பது முடிவு. ‘மழை பெய்தால்’ என்பது வினையெச்சத்தால் இயன்ற உறுப்பு. தனித்து நிற்க மாட்டாமல், தன்னை முடிக்கும் சொல்லை அது எதிர்நோக்கி நிற்கிறது. ஆகவே இலக்கணத்தில் முற்றே தலைமையுடையது, எச்சம் சார்ந்து நிற்பது. ஆனால் காலையில் கத்தியும் வாளியுமாக நிற்கும் தொழிலாளி நோக்குவது வானத்தையே. அன்றைய கூலி எச்சத்தைப் பொறுத்திருக்கிறது.

தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் இறுதி இயலுக்கு எச்சவியல் என்று பெயரிட்டார். பிரிநிலை, வினை, பெயர், ஒழியிசை, எதிர்மறை, உம்மை, என, சொல், குறிப்பு, இசை என எச்சத்தைப் பத்தாக வகுத்தார். சொல்லில் வெளிப்பட்டு நிற்கும் எச்சமும் உண்டு. சொல்லப்படாமலே உணர வைக்கும் எச்சமும் உண்டு. எழுதப்பட்டதை மட்டுமன்றி எழுதாமல் விடப்பட்டதையும் எண்ணிப் பார்த்தே பொருள் கொள்ள வேண்டும் என்பது இதனால் பெறப்படும்.

உரையாசிரியர்கள் இன்னும் ஒரு படி மேலே சென்றனர். ஒரு நூற்பா முன்னதற்கு என்ன செய்கிறது என்பதைக் குறிக்கத் தனிக் குறியீடுகளை அவர்கள் ஆண்டனர். முன் விதியால் கிடைத்ததை நீக்கினால் எய்தியது விலக்கல். அதில் ஒரு பகுதியை மட்டும் நீக்கினால் எய்தியது ஒருமருங்கு மறுத்தல். கிடைத்தது கைநழுவாதபடி காத்தால் எய்தியது இகந்துபடாமைக் காத்தல். கிடைக்காததைக் கிடைக்கச் செய்தால் எய்தாதது எய்துவித்தல். இன்றைய சட்ட நூலார் ‘வரம்புரை’ என்றும் ‘காப்பு விதி’ என்றும் எவற்றைச் சொல்கிறார்களோ, அவற்றுக்குரிய நுண்ணிய பாகுபாடு தமிழ் உரைமரபில் முன்னரே உண்டு. நூற்பாவைப் படிக்கத் தெரிந்தவனுக்குச் சட்டத்தைப் படிப்பது புதுக் கலை அன்று.

கல்லில் வெட்டிய விதிகள்

இம்மரபு ஏட்டளவில் நின்றுவிடவில்லை. முதற் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் இரண்டு, கி.பி. 919-இலும் 921-இலும் வெட்டப்பட்டவை, அதற்குச் சான்றாவன. ஊர்ச் சபையின் வாரியங்களுக்குக் குடவோலை முறையில் ஆள் தெரிவதற்குரிய தகுதிகள் அவற்றில் வரையறுக்கப்பட்டுள்ளன. கால் வேலிக்கு மேற்பட்ட இறை நிலம் உடையவனாதல் வேண்டும். தன் மனையில் அகம் எடுத்துக்கொண்டு இருப்பவனாதல் வேண்டும். வேத நூல் கற்று ஓதுவிக்க வல்லவனாதல் வேண்டும். 919-ஆம் ஆண்டின் கல்வெட்டில் அகவை 30-க்கும் 60-க்கும் இடையே என்றிருந்தது. 921-இல் 35-க்கும் 70-க்கும் இடையே என்று அது மாற்றப்பட்டது. இரண்டே ஆண்டில் சட்டம் திருத்தம் பெற்றது.

நிலத்தகுதியைச் சொன்ன கையோடு ஒரு விலக்கும் வருகிறது. அரைக்கால் வேலி நிலமே உடையவனாயினும், ஒரு வேதத்தையும் பாடியம் ஒன்றையும் கற்று விளக்க வல்லவனாயின் அவனும் கொள்ளப்படுவான். செல்வம் குறைந்த இடத்தைக் கல்வி நிரப்பலாம் என்பதே இவ்வுறுப்பின் பொருள். அடுத்து, தகுதியெல்லாம் உடையவனையும் தடுக்கும் உறுப்புகள் வருகின்றன. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவன் ஆகான். அவனுடைய உறவினரும் ஆகார். அந்த உறவினர் யார் யார் என்று அத்தை மக்கள், மாமன் மக்கள் வரை கல்வெட்டு முறைவைத்து எண்ணிச் செல்கிறது. பொதுவாக ‘உறவினர்’ என்று சொல்லி விட்டிருந்தால், தண்டனைக்கு அஞ்சியவன் “இவர் எனக்கு உறவினர் அல்லர்” என்று சொல்லித் தப்ப இடமிருந்திருக்கும். அந்த இடத்தை அடைக்கவே பட்டியல் நீண்டது. அந்தணர் ஊர் ஒன்றின் சபைக்கு மட்டும் வகுத்த விதி இது. எல்லார்க்கும் பொதுவான ஆட்சி அன்று. எனினும் விதி, நிபந்தனை, விலக்கு, தடை என்னும் நான்கும் தமிழில் தெளிவாக அமைந்த பழைய சட்டம் இது என்பதில் ஐயமில்லை.

அளவை நூல் காட்டும் எச்சரிக்கை

அளவை நூலார்க்கும் உறுப்பு உண்டு. மணிமேகலையின் 29-ஆம் காதையில் பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என்னும் ஐந்து உறுப்புகள் பேசப்படுகின்றன. மலையில் தீ உண்டு என்பது பக்கம். புகை தோன்றுவதால் என்பது ஏது. அடுக்களையைக் காட்டுவது திட்டாந்தம். புகை உள்ள இடத்தில் தீ உண்டு. ஆயினும் புகை இல்லாத இடத்தில் தீ இல்லை என்று முடிவு கட்டலாகாது. உலையில் பழுக்கக் காய்ந்த இரும்பில் புகை இல்லை, தீயின் வெம்மை உண்டு.

முன் சொன்ன தோட்டத்து வாக்கியத்திலும் இதைச் சோதிக்கலாம். மழை பெய்தால் வெட்டு இல்லை என்பதிலிருந்து, மழை பெய்யாவிட்டால் வெட்டு நிச்சயம் உண்டு என்பது பெறப்படாது. திருநாளாக இருக்கலாம், மரம் இலை உதிர்த்து ஓய்வு கொள்ளும் காலமாக இருக்கலாம். ஒரு நிபந்தனை நிறைவேறினால் இன்னது விளையும் என்பது வேறு. அது நிறைவேறாவிட்டால் விளையவே விளையாது என்பது வேறு. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணுவது மக்கள் இயல்பு. சட்டத்தில் அப்பிழை நேர்ந்தால் அதன் சுமை எளியோர் தலையில் விழும்.

பத்துப் பிள்ளைகள்

கூட்டு மலாய் மாநிலங்களில் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு நடப்புக்கு வந்தது. அக்கூட்டில் சேராத ஜொகூரிலும் அதே போக்கிலமைந்த சட்டம் 1920-களில் ஏற்பட்டது. தோட்டப்பள்ளிக்கு அடிக்கல்லான உறுப்பு இத்தொகுப்பில்தான் உள்ளது. ஒரு தோட்டத்தில் ஒரே இனத் தொழிலாளரின் பிள்ளைகள், 7 முதல் 14 அகவைக்குட்பட்டவர்கள், பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால், முதலாளி தம் செலவில் பள்ளி அமைத்து ஆசிரியரை நியமிக்குமாறு தொழிலாளர் துறைத் தலைவர் உத்தரவிடலாம்.

இவ்வாக்கியத்தை ஒரு நூற்பாவைப் போல் பிரித்துப் பார்க்க வேண்டும். ‘ஒரே இன’ என்பது அடை. ‘பத்துப் பேர் இருந்தால்’ என்பது நிபந்தனை. ‘தம் செலவில்’ என்பது சுமையைச் சாட்டும் உறுப்பு. ‘உத்தரவிடலாம்’ என்பது முற்று. அம்முற்று ‘உத்தரவிடல் வேண்டும்’ என்று அமையவில்லை. பத்துப் பிள்ளைகள் இருந்தாலும் உத்தரவு பிறக்காமல் போகலாம். ஒன்பது பிள்ளைகள் இருந்தால் பள்ளி கூடாது என்று சட்டம் சொல்லவும் இல்லை; அங்கே அது பேசாமல் நிற்கிறது. ஆனால் செலவைக் குறைக்க எண்ணியவர்களுக்கு அந்தப் பேசாமையே தடைச்சட்டம் ஆயிற்று.

ஒரு பள்ளி எத்தகையதாக இருக்க வேண்டும் என்பதும் ஒரு சொல்லின் பொருளைப் பொறுத்ததே. லயத்தின் ஓர் அறை பள்ளியாயிற்று. எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ கிராணியோ பல தோட்டங்களில் ஆசிரியராக அமர்ந்தார். சட்டத்தின் எழுத்து நிறைவேறிற்று, கருத்து நிறைவேறவில்லை. இருந்தும் அந்த எழுத்து இல்லாதிருந்தால் அந்த அறையும் இருந்திராது. இன்று ஜொகூர் மாநிலத்தில் உள்ள ஏறத்தாழ 70 தமிழ்ப்பள்ளிகளுள் பல, தோட்டத்து லயங்களிடையே பிறந்தவையே.

வந்ததும் போனதுமான உறுப்புகள்

விடுதலையை ஒட்டிக் கல்விச் சட்டங்கள் மாறின. 1956-ஆம் ஆண்டின் ரசாக் அறிக்கையை ஒட்டி 1957-இல் எழுந்த கல்விச் சட்டம், மலாய் மொழியை நாட்டின் தேசிய மொழியாக்கும் நோக்கத்தைச் சொன்னதோடு, பிற இனத்தவரின் மொழியும் பண்பாடும் பேணி வளர்க்கப்படும் என்னும் கருத்தையும் அதே வாக்கியத்தில் ஒரு சார்புறுப்பாகச் சேர்த்திருந்தது. 1961-ஆம் ஆண்டின் சட்டம் அக்கொள்கையைத் தன் முகவுரையில் நினைவூட்டியபோது அந்தச் சார்புறுப்பை விட்டுவிட்டது. முற்று அப்படியே நின்றது. எச்சம் மட்டும் மறைந்தது.

மறைந்ததற்கு ஈடாக வேறோர் உறுப்பு நுழைந்தது. அதுவே 21-ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு. ஒரு தேசிய மாதிரித் தொடக்கப்பள்ளி தேசியப் பள்ளியாக மாறத் தக்கது என்று எக்காலத்திலேனும் அமைச்சர் கருதினால், அவ்வாறு மாற்றி ஆணையிடலாம் என்பது அதன் பொருள். ‘எக்காலத்திலேனும்’ என்பதற்கு எல்லை இல்லை. ‘கருதினால்’ என்பதற்கு அளவுகோல் இல்லை. முப்பத்தைந்து ஆண்டுகள் தமிழ், சீனப் பள்ளிகள் இந்த வினையெச்சத்தின் கீழ் இயங்கி வந்தன. 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் அவ்வுறுப்பு இடம்பெறவில்லை. அச்சட்டத்தின் 17-ஆம் பிரிவு, தேசியக் கல்வி அமைப்பில் தேசிய மொழியே முதன்மைப் பயிற்றுமொழி என்று விதித்து, 28-ஆம் பிரிவின்படி அமைந்த தேசிய மாதிரிப் பள்ளிகளை அதனின்று விலக்கி வைத்தது. எய்தியது ஒருமருங்கு மறுத்தல் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

ஐயா, இல்லா?

இவற்றுக்கெல்லாம் மேலே நிற்பது கூட்டரசு அரசமைப்பின் 152-ஆம் விதி. தேசிய மொழி மலாய் மொழி என்பது அதன் முற்று. அதனோடு ஒரு வரம்புரை இணைந்துள்ளது. அலுவல் நோக்கம் அல்லாத பிறவற்றுக்கு வேறெந்த மொழியையும் பயன்படுத்துவதையோ, வேறெந்த மொழியையும் கற்பிப்பதையோ கற்பதையோ தடுக்கலாகாது என்பது முதற் கூறு. வேறு சமூகத்தாரின் மொழியைப் பயன்படுத்துவதையும் பயில்வதையும் பேணி நிலைபெறச் செய்யக் கூட்டரசுக்கும் மாநில அரசுக்கும் உள்ள உரிமைக்கு ஊறில்லை என்பது இரண்டாம் கூறு. முதலாவது எய்தியது ஒருமருங்கு மறுத்தல். இரண்டாவது எய்தியது இகந்துபடாமைக் காத்தல். 1971-இல் செய்த திருத்தம் ‘அலுவல் நோக்கம்’ என்பதற்கு இலக்கணம் வகுத்து, பொது அதிகார அமைப்புகளின் நோக்கத்தையும் அதனுள் அடக்கியது.

இவ்வரம்புரை கடும் சோதனைக்கு உள்ளானது மெர்டேக்கா பல்கலைக்கழக வழக்கில். சீன மொழியைப் பயிற்றுமொழியாகக் கொண்ட பல்கலைக்கழகம் ஒன்றை நிறுவ 1978-இல் செய்த விண்ணப்பம் மறுக்கப்பட்டது. 1981-இல் உயர்நீதிமன்றமும், 1982-இல் கூட்டரசு நீதிமன்றமும் அம்மறுப்பு செல்லும் என்று தீர்ப்பளித்தன. கூட்டரசு நீதிமன்றத்தில் நால்வர் ஒருபுறமும் ஒருவர் மறுபுறமும் நின்றனர். சட்டத்தால் நிறுவப்படும் பல்கலைக்கழகம் பொது அதிகார அமைப்பாகும். ஆகவே அங்கே பயிற்றுமொழி அலுவல் நோக்கத்தின்பாற்படும் என்பது தீர்ப்பின் ஒரு காரணம். மற்றொன்று இலக்கணம். வரம்புரை ஒரு மொழியைக் கற்பிக்கும் உரிமையைக் காக்கிறது. ஒரு மொழியில் கற்பிக்கும் உரிமையை அது சொல்லவில்லை. ‘கற்பித்தல்’ என்னும் சொல்லை அடுத்து ஆங்கிலத்தில் ஒரு சிற்றிடைச்சொல் இருந்திருந்தால் பொருள் வேறாகியிருக்கும் என்பது நீதிமன்றத்தின் கருத்து.

தமிழாசிரியர் இதனைத் தம் மொழியில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு உடனே விளங்கும். “மொழியைக் கற்பித்தல்” என்பதில் ஐ உருபு, மொழி செயப்படுபொருள். “மொழியில் கற்பித்தல்” என்பதில் இல் உருபு. மொழி பாடத்தைத் தாங்கும் இடம். இரண்டாம் வேற்றுமைக்கும் ஏழாம் வேற்றுமைக்கும் இடையே ஒரு பல்கலைக்கழகம் தோன்றாமல் போயிற்று. விடப்பட்ட சொல் விலக்கப்பட்ட சொல்லா, அல்லது ஒழியிசையாகக் கொள்ளத்தக்கதா என்னும் வினா இலக்கணம் கற்றார் உள்ளத்தில் எழுவது இயல்பு. கற்பிக்கும் உரிமையில் அம்மொழியிலேயே கற்பிக்கும் உரிமையும் அடங்கும் என்று வாதிப்பாரும் உண்டு. நீதிமன்றம் அவ்வழி செல்லவில்லை.

பின்னர் இதே விதியைக் காட்டித் தமிழ், சீனப் பள்ளிகளே அரசமைப்புக்கு முரணானவை என்று வழக்குகள் தொடுக்கப்பட்டன. பல்கலைக்கழகத்துக்கு எதிராக வெட்டிய கத்தி தொடக்கப்பள்ளியையும் வெட்டுமா என்பதே கேள்வி. 2021 டிசம்பரில் கோலாலம்பூர் உயர்நீதிமன்றம், இப்பள்ளிகளில் அம்மொழிகளைப் பயன்படுத்துவது அலுவல் நோக்கம் ஆகாது என்றும், கல்விச் சட்டத்தின் உரிய பிரிவுகள் செல்லும் என்றும் தீர்ப்பளித்தது. 2023-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இப்பள்ளிகள் அரசமைப்புக்கு ஏற்புடையவை என்னும் முடிவையே நிலைநிறுத்தியது. 2024-இல் கூட்டரசு நீதிமன்றம் மேலும் வழக்காட அனுமதி மறுத்தது. 1957-இல் எழுதிய இரு சார்புறுப்புகளின் நிழலில் பள்ளிகள் நின்றன.

பதினைந்து பெற்றோர்

இவ்வரலாறு முழுவதிலும் ஓர் ஒழுங்கு புலப்படுகிறது. முற்றுகள் பெரும்பாலும் யாவரும் அறிந்தவை, மேடைகளில் பேசப்படுபவை. உரிமைகள் தங்கியிருப்பது ‘ஆயின்’, ‘அன்றி’, ‘எனினும்’ என்னும் சொற்களின் பின்னே. 1895-ஆம் ஆண்டின் 15-ஆவது விதியை 1946-இல் எடுத்துப் படிக்க ஆள் இருந்ததால் அது விழித்தது. பத்துப் பிள்ளைகள் என்னும் உறுப்பைக் கேட்டுப் பெற ஆள் இல்லாத தோட்டங்களில் அது ஏட்டிலேயே கிடந்தது.

இன்றும் அத்தகைய ஓர் உறுப்பு உண்டு. 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஒரு தேசியப் பள்ளியில் பயிலும் மாணவருள் 15 பேரின் பெற்றோராயினும் கேட்டுக்கொண்டால், அங்கே தமிழ்மொழி கற்பிக்க வசதி செய்யப்படல் வேண்டும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகர்ப்புறம் நாடிய பின், ஜொகூரிலும் தமிழ்ப்பிள்ளைகள் பலர் தேசியப் பள்ளிகளில் பயில்கின்றனர். அவர்களுக்கு இவ்வுறுப்பு ஒன்றே வாயில். 1923-இல் எண்ணிக்கை மட்டும் போதுமென்றிருந்தது. கேட்க வேண்டியவர் அதிகாரி. இப்போது கேட்க வேண்டியவர் பெற்றோர். பிள்ளைகள் பதினைவர் இருந்தும் பெற்றோர் கேட்கவில்லையானால், ‘கேட்டுக்கொண்டால்’ என்னும் வினையெச்சம் தன்னை முடிக்கும் முற்றின்றியே நிற்கும். அதை முடித்து வைக்க ஒரு வெள்ளைத்தாளும் பதினைந்து கையொப்பங்களும் போதும்.